உப்புத்தாள் கைகளும் யூரியா கிரீமும்: 4 ஆண்டு அனுபவம்

என் மேற்கைகளின் வெளிப்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள்; தடவினால் உப்புத்தாளைத் தொட்டதுபோல் இருக்கும். பன்னிரண்டு வயதில் தொடங்கியது. வேர்க்குரு, தானே அடங்கிவிடும் என்றார் அம்மா. ஆனால் வெயில் காலத்தில் சற்றுத் தணிந்து, வறண்ட குளிர்காற்று வீசத் தொடங்கினால்தான் கூடியது. எந்த வேர்க்குரு அப்படிச் செய்யும்?

பரு என்று நினைத்துப் பிதுக்கிய காலமும் உண்டு. சீழ் வராது. கெட்டியான வெள்ளைத் துணுக்கு ஒன்று வரும்; சில நேரம் அதனுள்ளே கடிகாரச் சுருள்போல் மடங்கிக் கிடந்த முடியும் சேர்ந்து வரும். அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி இருந்ததை மறைக்கவில்லை. அந்த மகிழ்ச்சிக்கு விலையாகக் கிடைத்தவை பழுப்புத் தழும்புகள்.

26 வயதில்தான் தோல் மருத்துவரிடம் போனேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு, கெரட்டோசிஸ் பைலாரிஸ் என்றார். தோலில் இயல்பாக உள்ள கெரட்டின் என்ற புரதம் மயிர்க்கால்களின் வாயில் திரண்டு அடைத்துக்கொள்கிறதாம். தொற்றாது, ஆபத்தில்லை, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. முழுவதும் போய்விடுமா என்று கேட்டேன். "வயதாக ஆக குறையலாம். அதுவரை மட்டுப்படுத்தலாம்" என்றார்.

அவர் முதலில் நிறுத்தச் சொன்னது, குளிக்கும்போது நார் போட்டுத் தேய்ப்பதை. அழுக்கு அடைத்திருக்கிறது என்று நம்பி, தோல் சிவக்கச் சிவக்க அத்தனை ஆண்டுகள் தேய்த்திருக்கிறேன். அது எரிச்சலைத்தான் கூட்டியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதையும் விட்டேன். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஒற்றித் துடைத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, கெரட்டின் அடைப்பை இளக்கும் 20 சதவீத யூரியா கிரீம். காலையும் இரவும்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பெரும்பாலோர் இங்கேதான் கைவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நானும் விடப் பார்த்தேன். ஆறாவது வாரத்தில் சட்டைக் கையை இழுத்துவிடும்போது துணி தோலில் உரசும் அந்தச் சொரசொரப்பு இல்லை. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

இடையில் 12 சதவீத லாக்டிக் அமிலக் கிரீமையும் பயன்படுத்திப் பார்த்தேன். யூரியாவைவிடச் சற்று வேகம். ஆனால் நகக்கீறல் இருந்த இடத்தில் பட்டபோது நின்ற இடத்தில் குதித்தேன். இதைப் பூசினால் வெயிலில் தோல் எளிதாகக் கருகும் என்பதால் சன்ஸ்கிரீனும் வேண்டும். இரவில் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) பூசியதில் தோல் உரிந்ததுதான் மிச்சம். இரண்டு வாரத்தில் விட்டேன். கருவுற்றவர்கள் அதைப் பூசக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எனக்கு ஒரு விபரீத ஆசை. வலது கைக்கு மட்டும் கிரீம் பூசி, இடது கையைச் சும்மா விட்டேன். ஐந்தாவது வாரம் இடது கை மறுபடியும் உப்புத்தாள். ஆக, இது குணமாக்குவதில்லை, பூசும்வரைதான் பலன். பல் துலக்குவதுபோல் ஆகிவிட்டதால் இப்போது அலுப்பில்லை. சிவப்புப் புள்ளிகள் மட்டும் கிரீமுக்கு மசியவில்லை. பிதுக்கிய தழும்புகள் மங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. அது கிரீமால் அன்று, கையை அடக்கியதால்.

கடும் அரிப்போ சீழோ வலியோ இருந்தால் இது வேறு ஏதாவதாக இருக்கலாம்; மருத்துவரிடம் காட்டாமல் ஸ்டீராய்டு கிரீம் எதையும் வாங்கிப் பூச வேண்டாம்.

பரம்பரை என்று மருத்துவர் சொன்னதை அன்று மாலையே அம்மாவிடம் சொன்னேன். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "எனக்கும் இருந்ததே, உன் வயதில். எப்போது போனது என்றுதான் தெரியவில்லை" என்றார்.