டூயல்சென்ஸ்: வயரைப் பிடுங்கினால் மழை நின்றுவிடும்

கம்ப்யூட்டரில் கேம் ஆடுவதற்கென்றே டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலர்) வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். எடை, பேட்டரி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது அதிர்வைப் பற்றித்தான்.

பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலரான பழைய டூயல்ஷாக் 4-இல் எடை கோத்த இரண்டு மோட்டார்கள் சுற்றும். வேகம் பிடிக்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். குண்டு வெடித்தாலும் சுவரில் மோதினாலும் கிட்டத்தட்ட ஒரே ‘கிர்ர்’. 2020-இல் வந்த டூயல்சென்ஸில், ஸ்பீக்கருக்குள் இருப்பது போன்ற வாய்ஸ் காயில் கைப்பிடிக்கு ஒன்றாக இருக்கிறது. அதற்குப் போவது ஒலி அலை. ரிட்டர்னல் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் மழை பெய்தால் துளித்துளியாக உள்ளங்கையில் தெரியும், இடது வேறு, வலது வேறாக.

ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர் பட்டன் அதைவிட அருமை. அதே கேமில் இடது ட்ரிக்கரான எல்2-வைப் பாதி அழுத்தினால் குறி பார்க்கலாம். அங்கே ஒரு தடை விரலை நிறுத்தும். அதைத் தாண்டி அழுத்தினால் துப்பாக்கியின் மாற்றுத் தாக்குதல் தயாராகும். திரையின் மூலையில் இருக்கும் குறியீட்டைத் தேட வேண்டியதே இல்லை. பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய கேமை ஓட்டினால், ஏபிஎஸ் வேலை செய்யும்போது பிரேக் ட்ரிக்கர் துடிக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

இவ்வளவு அழகான ஒன்றைக் கம்ப்யூட்டரில் வயரோடு கட்டிப்போட்டிருப்பதுதான் ஆத்திரமாக வருகிறது. யுஎஸ்பியில் செருகினால் விண்டோஸ் இதை நான்கு சேனல் ஆடியோ கருவியாகப் பார்க்கிறது. முதல் இரண்டு சேனல் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும், 3-உம் 4-உம் அதிர்வுக்கு. ப்ளூடூத்தில் அந்த ஆடியோ கருவியே வருவதில்லை. அதனால் மழையும் இல்லை. மிஞ்சுவது பழைய பாணி அதிர்வு மட்டும். பல கேம்களில் ட்ரிக்கர் தடையும் சேர்ந்து போய்விடும்.

வயர் செருகியும் வேலை செய்யவில்லையா? முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகாது. அடுத்து ஸ்டீமில் (கேம் வாங்கி ஆடும் ஆப்) அந்த கேமின் ப்ராபர்ட்டீஸ், கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டீம் இன்புட்டை டிஸேபிள் செய்யுங்கள். அது நடுவில் இருந்தால் பல கேம்களுக்கு இது சாதாரண எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகத்தான் தெரியும்.

பலர் கோட்டைவிடுவது மூன்றாவது இடத்தில். செருகியதும் கேமின் சத்தம் முழுக்கக் கன்ட்ரோலருக்குப் போய்விடும். எரிச்சலில் சவுண்ட் செட்டிங்ஸில் கன்ட்ரோலரை டிஸேபிள் செய்துவிடுவார்கள், அதோடு அதிர்வும் செத்துவிடும். டிஸேபிள் செய்யாதீர்கள். உங்கள் ஸ்பீக்கரை டீஃபால்ட்டாக மாற்றினால் போதும். பிறகு கேமை மூடித் திறக்கவும்.

நண்பருக்கு என் பதில்: சோபாவில் சாய்ந்து வயர் இல்லாமல் ஆடுபவர் என்றால் வாங்காதீர்கள், சாதாரண கன்ட்ரோலரே போதும். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்காதீர்கள். மழை இல்லாத டூயல்சென்ஸுக்கு அந்த விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.