ஐப்பசி மழையில் மாமரத்து இலைக்கருகல்: காப்பர் ஆக்சிகுளோரைடு வாங்கலாமா?

உரக்கடையில் போய் மா இலை கருகுது என்று சொன்னால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது காப்பர் ஆக்சிகுளோரைடு 50 டபிள்யூ.பி. என்ற, தண்ணீரில் கலந்து அடிக்கும் தாமிரப் பூஞ்சைக்கொல்லித் தூளைத்தான். ராலிஸ் கம்பெனியின் பிளைட்டாக்ஸ் பலருக்கும் பழக்கமான பெயர். வேறு கம்பெனிகளும் இதே சரக்கை விற்கின்றன. பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் சரியாக இருந்தால் எதையும் வாங்கலாம். மருந்து நல்ல மருந்துதான். ஆனால் மழை கொட்டி, இலை முழுக்கப் புள்ளி விழுந்த பிறகு வாங்கி அடித்தால் பலன் மிகக் குறைவு.

காரணம் இது வேலை செய்யும் விதம். தாமிரம் இலைக்குள் ஊடுருவாது, மேலே படலமாக நிற்கும். ஈர இலையில் வந்து விழும் பூஞ்சை வித்து முளைக்கும்போதே அதைக் கொல்லும். உள்ளே புகுந்துவிட்ட பூஞ்சையை அதனால் தொட முடியாது. விழுந்த புள்ளி விழுந்ததுதான். மாவில் கருகலை உண்டாக்கும் கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சை முற்றிய இலையைவிடச் செந்நிறக் கொழுந்தைத்தான் அதிகம் தாக்கும். பழுப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, காய்ந்து, ஓட்டையாகும். நுனிக்குச்சியும் பின்னோக்கிக் காயும். அதனால் புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பே முதல் தெளிப்பு முடிந்திருக்க வேண்டும். பிறகு துளிர் வந்துகொண்டிருக்கும் வரை, மழை விடும் நாளாகப் பார்த்து 10 முதல் 15 நாளுக்கு ஒரு முறை. தெளித்த பின் விரிந்த கொழுந்தில் மருந்தே இருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

அளவு, லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம். 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானுக்கு 40 முதல் 48 கிராம் வரும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், சிறு தராசில் நிறுத்துப் போடுங்கள். தூளை நேராக டேங்கில் கொட்டினால் கட்டி தட்டி நாசில் அடைக்கும். முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் கூழாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, அப்புறம் மீதித் தண்ணீரோடு சேருங்கள். இது கரைவதில்லை, மிதந்து நிற்கும் தூள். அடிக்கும்போது இடையிடையே டேங்கைக் குலுக்காவிட்டால் ஒரு கிளைக்கு வெறும் தண்ணீரும் இன்னொரு கிளைக்கு அடி வண்டலும் போகும். மழைக்காலத்தில் ஒட்டும் திரவம் கட்டாயம், அதன் லேபிளில் சொன்ன அளவில். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும், சொட்டத் தொடங்கும் முன் நிறுத்திவிடலாம். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அடிக்காதீர்கள்.

இதன் பெரிய குறை, ஈரம் நீடித்தால் இலையையே சுடுவது. மேகமூட்டமான நாளில் தெளித்து, படலம் மணிக்கணக்கில் காயாமல் கிடந்தால் தாமிரம் கூடுதலாகக் கரைந்து கொழுந்தின் ஓரத்தைக் கருக்கும். பூஞ்சைதான் அதிகமாகிவிட்டது என்று நினைத்து அளவைக் கூட்டுவார்கள், சேதம் இரட்டிப்பாகும். காலை வெயில் ஏறி, இலை உலர்ந்த பிறகு அடிப்பதே சரி. அமிலத் தன்மையுள்ள மருந்துகளோடு கலக்கவே கூடாது. பூ விரிந்திருக்கும்போதும் வேண்டாம்.

எல்லாக் கறுப்பும் கருகல் அல்ல. இலைமேல் கரி பூசினாற்போல் இருந்து, தேய்த்தால் கையோடு வந்தால் அது கரும்பூஞ்சை. தத்துப்பூச்சி, செதில்பூச்சி கழிக்கும் இனிப்பு நீரில் வளர்வது. பூச்சியை அடக்காமல் தாமிரம் அடித்து ஒன்றும் ஆகாது. 1 கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி நல்ல வெயில் நாளில் தெளித்தால் கரி அப்பளமாக உரியும். பூங்கொத்தில் வெள்ளைத்தூளாகப் படியும் சாம்பல் நோய்க்கும் இந்தத் தாமிரத் தூள் ஆகாது. அதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம்.

மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்து நாமே தயாரிக்கும் போர்டோக் கலவையோடு ஒப்பிட்டால்? அடைமழையைத் தாங்கி இலையில் ஒட்டி நிற்பதில் போர்டோவே மேல், செலவும் குறைவு. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். நாலைந்து மரம் வைத்திருப்பவர் போர்டோ தயாரிக்கலாம். ஒற்றை மரத்துக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை, கடைத்தூளே போதும்.

எதை அடித்தாலும், காய்ந்த நுனிக்குச்சிகளை முதலில் வெட்டி, உதிர்ந்த சருகோடு அப்புறப்படுத்துங்கள். அடுத்த மழைக்கான வித்து அங்கேதான் இருக்கிறது. தினமும் பறிக்கும் கறிவேப்பிலைக்கு இந்தத் தூள் வேண்டவே வேண்டாம். புள்ளி விழுந்த கிளைகளைக் கழித்துவிட்டால் புதுத்துளிர் வரும்.

தாமிரம் மக்கி அழிவதில்லை, மண்ணிலேயே தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ தாமிரம் என்று வரம்பு கட்டியிருப்பது இதனால்தான். மீன்களுக்கும் இது நஞ்சு. தெளிப்பான் கழுவிய தண்ணீரைக் கிணற்றோரமோ குளத்திலோ ஊற்றாமல், அதே மரத்தடியில் பரவலாக ஊற்றுங்கள்.