நூறு நாற்காலிகளில் தொடங்கிய வாடகைக் கடை: ஏழு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

2017ஆம் ஆண்டு தை மாதம், தஞ்சாவூர் மாவட்டம் மதுக்கூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், வீட்டை ஒட்டிக் கிடந்த பழைய மாட்டுக் கொட்டகையைச் செப்பனிட்டு, நானும் என் கணவரும் விழாப் பொருள் வாடகைக் கடையைத் தொடங்கினோம். மகளிர் சுய உதவிக் குழுவில் வாங்கிய கடன் 50,000 ரூபாய், என் வளையல்களை அடகு வைத்துப் பெற்றது 40,000 ரூபாய், சேமிப்பு 20,000 ரூபாய் என மொத்த முதல் 1,10,000 ரூபாய்தான். கணவரிடம் லோடு ஆட்டோ இருந்ததால் ஏற்றுக்கூலி மிச்சமாயிற்று. அது இல்லாமல் இந்தத் தொகையில் தொடங்கியிருக்கவே முடியாது. அன்று வாங்கிய பொருள்கள் இந்த ஏழு ஆண்டுகளில் எப்படி உழைத்தன, எவை முதலைத் திருப்பித் தந்தன, எவை முதலைத் தின்றன என்பதை, சிறு முதலுடன் இத்தொழிலில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியவை: கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி 100, ஒன்று 320 ரூபாய் வீதம் 32,000 ரூபாய், மடக்கு மேசை 12, 18,000 ரூபாய், கம்பங்களுடன் பழைய சாமியானா ஒன்று, 14,000 ரூபாய், கடையை மூடவிருந்த ஒரு பெரியவரிடம் எடைக்கு எடுத்த சமையல் பாத்திரங்கள், 26,000 ரூபாய், எவர்சில்வர் தம்ளர் 300, 6,600 ரூபாய், விளக்குகளும் வயரும் 5,000 ரூபாய். மீதமிருந்த 8,400 ரூபாயில் கொட்டகைக்குத் தரை பூசிக் கதவு போட்டோம்.

இவற்றில் கடையைத் தாங்கியவை நாற்காலிகளே. அப்போது ஒரு நாற்காலிக்கு நாள் வாடகை 5 ரூபாய். நூறும் ஒரு முறை வெளியே போய் வந்தால் 500 ரூபாய். அதாவது 64 முறை போய் வந்தால் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். எங்களுக்கு அது பதினான்கு மாதங்களில் நடந்தது. அந்த நூறில் 71 நாற்காலிகள் இன்றும் வாடகைக்குப் போகின்றன. மாறாக, 2018 வைகாசியில் முகூர்த்த நெருக்கடிக்காக, 240 ரூபாய் வீதம் வேறொரு கடையில் அவசரமாக எடுத்த ஐம்பது நாற்காலிகளில், மூன்று ஆண்டு முடிவில் மிஞ்சியவை பதினொன்று மட்டுமே. ஒரு வளைகாப்பு வீட்டில் வயதான அம்மா ஒருவர் அவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது நாற்காலியின் பின்கால் முறிந்து சாய்ந்துவிட்டார். நல்லவேளையாக அடி ஏதும் இல்லை. அன்று இரவே அந்த ஐம்பதையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, கால் சேருமிடத்தில் கீறல் இருந்தவற்றையெல்லாம் பழைய பிளாஸ்டிக் விலைக்கு ஒதுக்கினோம்.

நாற்காலி வாங்கும்போது எடையை மட்டும் பார்ப்பது போதாது என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன். சுண்ணாம்புப் பொடி மிகுதியாகக் கலந்த நாற்காலி கையில் கனமாகவே இருக்கும்; ஆனால் வளைந்து கொடுக்காமல் முறியும். காலை லேசாக விரித்து அழுத்தும்போது வளைவில் வெள்ளைக் கோடு விழுகிறதா, நிறம் ஒரே சீராக இருக்கிறதா, புதியதிலேயே பழைய பிளாஸ்டிக் உருக்கிய வாடை வருகிறதா என்று பார்த்த பிறகே இப்போது விலை பேசுகிறேன். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும். தேய்த்தால் மாவு போல விரலில் ஒட்டத் தொடங்கினால் அதற்கு ஆயுள் குறைவு என்று பொருள். அதனால் விழா முடிந்ததும் காலையிலேயே எடுத்துவந்து நிழலில் அடுக்கிவிடுகிறோம். ஓர் அடுக்கில் இருபத்தைந்துக்கு மேல் ஏற்றுவதில்லை. ஏற்றினால் அடி நாற்காலியின் கால்கள் விரிந்துகொள்கின்றன. கைவைத்த நாற்காலி பார்வைக்கு எடுப்பாக இருந்தாலும் வண்டியில் குறைவாகவே ஏறும். லோடு ஆட்டோவில் ஒரே நடையில் நூறும் போவதற்கும் இரண்டு நடை அடிப்பதற்கும் உள்ள டீசல் கணக்கைப் பார்த்தால், சிறு கடைக்குக் கையில்லாத நாற்காலியே ஏற்றது.

பாத்திரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய பாத்திரத்தை எடைக்கு வாங்கியதுதான் நாங்கள் செய்த நல்ல காரியம். அலுமினிய தேக்சாக்களும் குண்டான்களும் ஒடுங்கினாலும் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். சோறு வடிக்கவும் வெந்நீர் போடவும் அவை போதும். ஆனால் புளி சேர்ந்த சாம்பாரையும் ரசத்தையும் அலுமினியத்தில் வைத்தால் உட்புறம் அரித்துப் புள்ளி விழுகிறது, சுவையும் மாறுகிறது. விவரம் தெரிந்த சமையல்காரர்கள் அதற்கு எவர்சில்வரையோ ஈயம் (வெள்ளீயம்) பூசிய பித்தளை அண்டாவையோ கேட்டு வாங்குகிறார்கள். எங்களிடம் அப்படி இரண்டு பித்தளை அண்டாக்கள் இருக்கின்றன. உட்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரியத் தொடங்கியதும் அவற்றை வாடகைக்கு அனுப்புவதில்லை.

ஈயம் பூசுபவர்கள் எங்கள் வட்டாரத்தில் அரிதாகிவிட்டார்கள். எங்களுக்குப் பூசித் தருபவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அண்டாவைக் கரி நெருப்பில் சாய்த்துச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். வெண்புகை மூக்கைத் துளைத்துக்கொண்டு எழும். அந்தச் சூட்டிலேயே ஈயக் கட்டியை ஓர் இழுப்பு இழுத்து, பஞ்சால் வேகமாகத் துடைக்கும்போது, மஞ்சள் மறைந்து வெள்ளி நிறம் பஞ்சின் பின்னாலேயே ஓடி வருவதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவருக்குப் பிறகு யார் என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

தம்ளர்களை முதலில் நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தம்ளர், தட்டு, உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பிறகு, எவர்சில்வர் தம்ளர் கேட்டு வருபவர்கள் கூடினார்கள். முன்னூறு போதாமல் எண்ணூறு ஆயிற்று. ஆனால் எளிதில் தொலையும் பொருளும் அதுதான்; தொடக்கத்தில் ஒவ்வொரு விழாவிலும் எட்டுப் பத்துக் குறைந்தன. எல்லாத் தம்ளரின் அடியிலும் கடையின் முதலெழுத்தைப் பொறித்தோம். பத்துப் பத்தாக அடுக்கி, கொடுக்கும்போதும் திரும்பப் பெறும்போதும் வீட்டுக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினோம். "அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கும், ஏத்திட்டுப் போங்க" என்று களைப்போடு சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு வீட்டில் நின்று எண்ணியபோது இருபத்துமூன்று தம்ளர்கள் குறைந்தன. தேடினால், எச்சில் இலைகளோடு குப்பைக் குழியில் கிடந்தன. குறைவதற்குப் பணம் கேட்டு மனக்கசப்பை வளர்ப்பதைவிட, அங்கேயே பத்து நிமிடம் எண்ணித் தேடுவது இரு தரப்புக்கும் நல்லது. இப்போது குறைவது விழாவுக்கு ஒன்றிரண்டுதான்.

சாமியானாவுக்கு எதிரி மழை அல்ல, ஈரத்தோடு மடிப்பதுதான். ஐப்பசி, கார்த்திகையில் பந்தல் பிரிக்கும்போது பெரும்பாலும் நனைந்தே இருக்கும். அலுப்பில் அப்படியே சுருட்டி இரண்டு நாள் போட்டதில், முதல் சாமியானா முழுவதும் கரும்புள்ளி விழுந்து, எத்தனை துவைத்தும் போகவில்லை. அடுத்ததை, நள்ளிரவில் வந்து சேர்ந்தாலும் கொட்டகைக்குள் கொடி கட்டி விரித்துவிட்டுத்தான் படுக்கிறோம். அது ஆறாம் ஆண்டாக நல்ல நிலையில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, கொட்டகையின் கூரைத் தகடு பறந்துவிட்டது. கம்பங்களில் பாதி வளைந்தன. நாற்காலிகளை, மக்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு மூன்று வாரம் வாடகையின்றிக் கொடுத்தோம். தென்னை விழுந்து வருமானம் இழந்த குடும்பங்கள் கல்யாணங்களைத் தள்ளிவைத்ததால் அந்தத் தை மாதம் கடை ஏறக்குறைய சும்மாவே கிடந்தது.

வாங்கி வருந்தியது ஒன்று உண்டு. 2019இல், பெரிய ஊர்க் கடைகளைப் பார்த்து ஆசைப்பட்டு, மணமக்கள் அமரும் அலங்கார இருக்கையும் பின்திரைச் சட்டமும் 38,000 ரூபாய்க்கு எடுத்தேன். இரண்டு ஆண்டுகளில் அது வெளியே போனது ஒன்பது முறை. மெத்தையில் கறை பட்டால் துணி மாற்ற வேண்டும், தங்க நிறப் பூச்சு உராய்ந்தால் மறுபடி அடிக்க வேண்டும், போதாததற்கு ஆண்டுக்கொரு புதுப் பாணி வந்துவிடுகிறது. அந்தப் பணத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நல்ல நாற்காலிகள் வாங்கியிருக்கலாம். இப்போது யாராவது கேட்டால், பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தருகிறோம். ஜெனரேட்டருக்கும் அதே ஏற்பாடுதான்.

முகூர்த்தத்தை மட்டும் நம்பினால், ஆடி, புரட்டாசி, மார்கழியில் கடன் தவணை கட்ட முடியாது. ஆடியில் மாரியம்மன் கோயில்களில் கஞ்சி வார்க்க அண்டாக்கள் போகின்றன. மற்றபடி ஆண்டு முழுவதும் வருவது துக்க வீட்டுத் தேவை. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும், ஐம்பது நாற்காலியும் சாமியானாவும் அரை மணி நேரத்தில் வண்டியில் ஏறிவிட வேண்டும். முன்பணம் கேட்பதில்லை, விலை பேசுவதில்லை. காரியம் முடிந்த பிறகு அவர்களே வந்து கொடுக்கிறார்கள். இந்த ஏழு ஆண்டுகளில் அப்படிக் கொடுத்ததில் வராமல் போனது இரண்டே வீடுகள். துக்கத்துக்கென்று நீல நிற நாற்காலிகளைத் தனியாக வைத்திருக்கிறோம். அவற்றை மங்கல நிகழ்ச்சிக்கு அனுப்புவதில்லை.

2020இல் ஊரடங்கு வந்து, கடை மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சாமியானாவின் ஒரு மூலையை எலி கடித்துவிட்டது. பிறகு ஐம்பது பேருக்குள் வீட்டு வாசலிலேயே கல்யாணம் செய்யும் நிலை வந்தபோது, எங்களைப் போன்ற சிறு கடைக்குத்தான் வேலை வந்தது. மண்டபங்களில் நாற்காலியும் பாத்திரமும் அங்கேயே இருக்கும். வீட்டுக்குத்தான் வாடகைக் கடை வேண்டும். அந்தப் பழக்கம் எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் இன்னும் தொடர்கிறது.

ஏட்டு வேலை அதிகமில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைக் கட்டணமின்றி இணையத்தில் செய்துகொண்டோம். இத்தகைய சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படுவதில்லை. எங்கள் வரவு அதற்கு வெகு கீழேயே நிற்கிறது. மகளிர் குழு இல்லாதவர்கள் சிறு தொழில்களுக்கு வங்கிக் கடன் தரும் முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் கேட்டுப் பார்க்கலாம்.

அடகு வைத்த வளையல்களை 2018 ஆவணியில் மீட்டோம். இப்போது நாற்காலி வாடகை 8 ரூபாய், இருப்பு 260. வருகிற தைக்குள் இன்னும் நாற்பது வாங்கவும், பித்தளை அண்டாக்கள் இரண்டையும் ஈயம் பூசும் அந்தப் பெரியவரிடமே ஒருமுறை பூசி வாங்கவும் பணம் ஒதுக்கியிருக்கிறேன்.