ஜிம்னிக்கு 215-ஆ, 235-ஆ? மலைப்பாதைக்கு எந்த டயர்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் மாருதியின் நான்கு சக்கர ஓட்ட வண்டியான ஜிம்னி வைத்திருப்பவர்கள் டயர் மாற்றும்போது பெரும்பாலும் மூன்று அளவுகளுக்கு நடுவில்தான் யோசிக்கிறார்கள். கம்பெனி அளவான 195/80 ஆர்15 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 15 அங்குலம்), ஒரு படி மேலே 215/75 ஆர்15, அதற்கும் மேலே 235/75 ஆர்15. தினமும் மலைப்பாதையில் ஏறி இறங்கும் வண்டிக்கு எங்கள் தேர்வு 215 ஏ.டி. (ஆல் டெரெய்ன், தார், மண் இரண்டுக்குமான டயர்) தான். காரணம் கீழே.

| அளவு | விட்டம் | தரை இடைவெளி | மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் (கி.மீ./மணி) |
|---|---|---|---|
| 195/80 | 693 மி.மீ. | 210 மி.மீ. | 60 |
| 215/75 | 703 மி.மீ. | 215 மி.மீ. | 61 |
| 235/75 | 733 மி.மீ. | 230 மி.மீ. | 63.5 |

(மீட்டர் பழைய டயரில் சரியாகக் காட்டியது என்று வைத்துப் போட்ட கணக்கு.)

235-க்கு ஆதரவாக ஒரு வலுவான நியாயம் உண்டு. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு. அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் பாறையில் முதலில் இடிக்கும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 2 அங்குலம் தூக்கினாலும் பாடிதான் உயரும், டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயரை விட்டால் வேறு வழியில்லை. பாறை துருத்திக்கொண்டிருக்கும் எஸ்டேட் ரோட்டில் அந்த 20 மி.மீ. நன்றாகவே கைகொடுக்கும்.

ஆனால் இறக்கத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். விட்டம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் எல்லா கியரும் அதே அளவு நீண்டுபோகும். இரண்டாம் கியரில் 2,000 சுற்றில் இறங்கிய வண்டி, அதே வேகத்தில் 1,890 சுற்றில்தான் இறங்கும். இன்ஜின் பிடிப்பு குறைகிறது, அந்தச் சுமை பிரேக்குக்குப் போகிறது. சக்கரத்தின் ஆரமும் கூடிவிட்டதால், அதே மிதிக்கு பிரேக்கின் பிடியும் அதே சதவீதம் குறையும். ஊட்டி-மசினகுடி ரோட்டில் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இது சின்ன விஷயமில்லை. 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் மெதுவான கியர்) போட்டு இறங்கலாமே என்று தோன்றலாம். காய்ந்த தாரில் அது கூடாது. முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டியிருக்க, வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் ஓடும்; இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஆக, தாரில் நமக்கு இருப்பது முதல் கியரும் இரண்டாம் கியரும் மட்டுமே. அவற்றை நீட்டிவிடும் டயரை யோசித்துத்தான் போட வேண்டும். ஏற்றத்தில் 134 நியூட்டன் மீட்டர் இழுவைக்கும் இதே கதைதான். ஆள் நிறைய ஏறினால் இரண்டில் போன இடத்தில் ஒன்று கேட்கும்.

அடுத்தது ரிம். கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம். 215/75-க்கு அது அனுமதித்த வரம்பில் மிகக் குறைந்த அளவு. 235/75-க்கோ குறைந்தது 6 அங்குலம் வேண்டும். குறுகிய ரிம்மில் 235-ஐத் திணித்தால் டயரின் நடு மட்டும் புடைத்து, முதலில் அதுவே தேயும். ரிம்மை மாற்றினால் சக்கரம் வெளியே துருத்தும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், சேறு கதவு முழுக்க அடிக்கும்.

உரசலையும் பார்க்க வேண்டும். 235 போட்ட வண்டியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சில சமயம் ‘சர்ர்’ என்று சத்தம் வரும். குனிந்து பார்த்தால், முன்னச்சிலிருந்து பின்னோக்கிப் போகும் கட்டை போன்ற ஆர்மில் பெயின்ட் தேய்ந்து ஒரு கோடு பளபளக்கும். ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டை வெளியே திருகினால் உரசல் நிற்கும், ஆனால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும். ஒரே ஒடிப்பில் திரும்பிய வளைவில் ரிவர்ஸ் எடுக்க வேண்டி வந்தால், பின்னால் பஸ் நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். சோதிக்கும்போது சமதளத்தில் மட்டும் பார்த்து முடிக்காதீர்கள். ஒரு முன்சக்கரத்தை ஓர் அடி உயரக் கல்லில் ஏற்றி, இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஆர்ம், பம்பரின் கீழ்மூலை, மட்ஃபிளாப் மூன்றையும் பாருங்கள்.

ஏ.டி.யா, எம்.டி.யா (மட் டெரெய்ன், சேற்றுக்கான டயர்) என்பது அளவைவிடப் பெரிய கேள்வி. கொடைக்கானல் மலையில் மன்னவனூர், கூக்கால் பக்கம் காய்கறித் தோட்டத்துச் செம்மண்ணில் மழைக்காலத்தில் ஏ.டி.யின் பள்ளங்கள் களியால் அடைத்து, டயர் வழுவழுவென்று ஆகிவிடும். எம்.டி. சுற்றும் வேகத்தில் சேற்றை உதறித் தள்ளும். அங்கே அதற்கு நிகரில்லை. ஆனால் மூடுபனியில் நனைந்த தார், அதன்மேல் தைல மர இலை, ஓரத்தில் பாசி என்று வந்தால் எம்.டி. பின்தங்கும். கட்டைகள் பெரிதாக, இடைவெளி அகலமாக இருப்பதால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத்தைக் கடிக்கும் சன்னக் கீற்றுகளும் குறைவு. வண்டியின் ஓட்டத்தில் பாதிக்கு மேல் சேறு என்றால் மட்டும் எம்.டி. வாங்குங்கள்.

டயர் மாட்டியபின் பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் அவசியம். நட்டை டார்க் ரெஞ்சால் 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள். காற்றுக்கு கதவுத் தூணில் உள்ள அட்டையிலிருந்து தொடங்கி, டயருக்குக் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, நேர் ரோட்டில் சற்று தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் அழிந்தால் குறைவு. சேற்றில் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம், தாருக்கு வந்ததும் நிரப்பாமல் இறக்கத்தில் இறங்கக் கூடாது. மேட்டுப்பாளையத்தில் நிரப்பிய காற்று ஊட்டியில் கூடிவிடுமா என்று பலர் கேட்பதுண்டு. உயரத்தால் கேஜ் ஏறத்தாழ 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும், வெப்பநிலையில் 15 டிகிரி சரிவு 2 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறைத்துவிடும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி.

மஹிந்திரா தார் வண்டியில் 245/75 ஆர்16-இலிருந்து 265/75-க்குப் போனால் விட்டம் கிட்டத்தட்ட 4 சதவீதம்தான் கூடும். 285/75 என்றால் 8 சதவீதத்தை நெருங்கும். கணக்கு இதேதான், இன்ஜின் இழுவை அதிகம் என்பதால் ஏற்றத்தில் மட்டும் வலி குறைவு.

கம்பெனி சொன்ன அளவிலிருந்து விலகுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவில் மாட்டக்கூடும். இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரலாம். அந்தக் கவலையே வேண்டாம் என்பவருக்கு 195/80 அளவிலேயே ஏ.டி. போதும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வரை போய்வர அது தாராளம்.

எந்த அளவு எடுத்தாலும் ஐந்தாக வாங்குங்கள். பழைய அளவு ஸ்டெப்னியை ஒரு சக்கரத்தில் மாட்டி 4எச் (நான்கு சக்கர ஓட்டத்தின் வேகமான கியர்) போட்டால், நேர் ரோட்டிலேயே டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கத் தொடங்கும். 235 ஸ்டெப்னி என்றால், அது தொங்கும் பின்கதவில் எடையும் கூடும். பின்கதவுக் கீலின் போல்ட்டுகளை ஒவ்வொரு சர்வீஸிலும் இறுக்கச் சொல்லுங்கள்.