செல்ஃப் மோட்டாருக்கு 7,800 ரூபாய், கோளாறோ பேட்டரி டெர்மினலில்

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில், எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு பட்டறையில் நான் ஏமாந்த கதை. பெயர் போடவில்லை. ஒழுங்கான பில் கையில் இல்லாமல் பெயரைப் போட்டால் வழக்கு என் மேல்தான் வரும்.

போன மாதம் ஒரு நாள் காலை செல்ஃப், அதாவது எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டார், எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹார்ன் அடித்தது, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது. பட்டறைப் பையன் வந்து காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்து எடுத்துக்கொண்டு போனான். மதியம் போன் வந்தது. "செல்ஃப் மோட்டார் போய்விட்டது சார், காயில் எரிந்திருக்கிறது. புதிது போட்டுவிடுகிறேன்." மோட்டாருக்கு 7,000, கூலி 800. மாலையில் ஒரே திருப்பில் எடுத்தது. மகிழ்ச்சியோடு எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். பழைய மோட்டாரைக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. பில் என்று தந்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் 'செல்ஃப் 7800' என்று பேனாவில் எழுதியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் மறுபடியும் அதே 'டக்'.

இந்த முறை பட்டறைக்காரரே வந்தார். ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினார், வெளிச்சம் சுருங்கியது. "பார்த்தீர்களா சார், பேட்டரி வீக். மாற்றிவிடலாம்." வாங்கிப் பதினான்கு மாதமே ஆன பேட்டரி அது. பிறகு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பார்த்துவிடுவோம் என்று தள்ளி ஸ்டார்ட் செய்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் வயர் இணைப்பான டெர்மினலைக் கழற்ற ஸ்பேனரை எடுத்தார். அங்கேதான் எனக்கு உறைத்தது. ஓடும் எஞ்சினில் பேட்டரி இணைப்பைத் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் மின்னழுத்தம் சட்டென்று எகிறும், காரின் கணினியே பழுதாகலாம். அந்தக் காலத்து அம்பாசிடரில் செய்த வித்தையை இன்றைய காரில் செய்பவரிடம் இனி எதையும் விடக்கூடாது என்று அனுப்பிவிட்டேன்.

வீட்டில் 350 ரூபாய்க்கு வாங்கிய மல்டிமீட்டர் ஒன்று இருந்தது. டிசி 20 வோல்ட்டில் திருப்பி வைத்து பேட்டரியில் பிடித்தேன். 12.5. முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 காட்டும், 12க்கு வந்துவிட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். ஆக பேட்டரியில் சரக்கு இருக்கிறது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 'டக்'. மீட்டரில் 12.1. பேட்டரியே சொத்தை என்றால் அந்த நேரத்தில் ஒன்பதரைக்கும் கீழே விழுந்திருக்கும். இது விழவே இல்லை. அதாவது, மோட்டார் கேட்கும் மின்சாரம் பேட்டரியை விட்டு வெளியேறவே முடியாமல் வழியில் எங்கோ நிற்கிறது.

அடுத்துச் செய்ததுதான் முக்கியம். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் பக்கத்து ஈயக் குமிழின் நடுவிலும், மற்றொன்றை அதைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு உலோகங்கள், நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்ட வேண்டும். "திருப்பு" என்றேன். 4.6 வோல்ட். மனைவியை மூன்று முறை திருப்பச் சொன்னேன், மூன்று முறையும் அதே கதை. ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் இருந்தால் போதும், அது அந்த இடுக்கு வழியாகப் போய்விடும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும், அது போகாது.

கிளாம்பின் மேலே கிரீஸ் பளபளத்தது, பட்டறையில் தடவியது. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து இறுக்கினேன். மொத்தம் இருபது நிமிடம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எடுத்துக்கொண்டது. ஓடும்போது மீட்டரில் 14.2, ஆல்டர்னேட்டரும் சரியாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் பட்டறையில் அன்று மாலை எப்படி எடுத்தது? டெர்மினலைக் கழற்றி மாட்டியதில் படலம் கொஞ்சம் உரசிப் போயிருக்கும். பன்னிரண்டு நாள் தாங்கியது.

சந்தேகம் வந்ததும் டார்ச் அடித்துப் புது மோட்டாரைப் பார்த்தேன். வெள்ளிப் பூச்சில் பளபளவென்று இருந்தது. ஆனால் அதே பூச்சு, மோட்டாருக்கு வரும் பழைய வயரின் ரப்பர் மூடி மேலும் படர்ந்திருந்தது. போல்ட்டின் தலையிலும் பக்கத்து பிராக்கெட்டிலும்கூட. கடையிலிருந்து வந்த புது மோட்டாராக இருந்தால் என் பழைய ரப்பருக்கு ஏன் பெயின்ட்? கழற்றாமல், இருந்த இடத்திலேயே ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள்.

படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "துருப் பிடிக்காமல் இருக்க அடித்தது சார்" என்றார். புது மோட்டாரின் பெட்டியைக் கேட்டேன், இல்லை. பழைய மோட்டாரைக் கேட்டேன், காயலான் கடைக்குப் போய்விட்டதாம். அரை மணி நேரம் கத்திய பிறகு 3,000 ரூபாய் எடுத்து வைத்தார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். வரி எண் இல்லாத துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எவ்வளவு தூரம் நிற்க முடியும் என்று வழக்கறிஞரைக் கேட்க வேண்டும். மீதி 4,800 இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

எந்தப் பட்டறையானாலும், உதிரிபாகம் மாற்றும் முன்பே பழையதைத் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள். வரி எண்ணோடு பில் கேளுங்கள். 'டக்' என்ற ஒற்றைச் சத்தம் கேட்டால், போனை எடுப்பதற்கு முன் அந்தக் கிளாம்பைக் கழற்றி உள்ளே பாருங்கள்.