தீபாவளிக்குக் கைத்தறிப் புடவையா, மலிவு ஆயத்த ஆடையா?

மஞ்சள் தடவி உடுத்திய பருத்திப் புடவை, நைந்தபின் தூளியாகி, கடைசியில் அடுப்படிக் கரித்துணியாவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, நான்கு சலவையில் நூல் திரண்டுபோகும் பாலியெஸ்டர் ஆடை மலிவாகத் தோன்ற நியாயமில்லை. ஆயினும், 1935இல் தொடங்கிய கைத்தறிக் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் தரும் பண்டிகைத் தள்ளுபடிக்குப் பிறகும் கைத்தறியின் விலை பெரும்பாலும் கூடுதல்தான். மலிவாடையின் மீதி விலையைப் பிறர் செலுத்துகின்றனர்: 2013இல் வங்கதேசத்தின் டாக்கா அருகே ஆயத்த ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்ததில் 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர், திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்தது. கைத்தறியிலும் சாயம் உண்டு. நெசவாளருக்குக் கிடைக்கும் கூலியும் (வெட்கத்தோடு சொல்லவேண்டும்) சொற்பமே. இருந்தும் என் தேர்வு கைத்தறிதான். அதற்குத் தடையாக நிற்பது விலையைவிட, “போன கல்யாணத்துக்குக் கட்டியதுதானே இது?” என்று பந்தியில் எழும் கேள்வி; தூளி கட்டிய அதே பண்பாடுதான் அதையும் கேட்கிறது.