என் பழைய கம்பெனியைப் பற்றி, அங்கே சேரப்போகிற தம்பிக்கு

வேலை கற்றுக்கொள்ள இந்தக் கம்பெனிக்கு ஐந்துக்கு நாலரை மார்க் கொடுப்பேன். குடும்பம் நடத்த என்றால் இரண்டு.

திருப்பூரில் நடுத்தர அளவு ஆடை எக்ஸ்போர்ட் கம்பெனி. பெயர் வேண்டாம், கேட்ட தம்பிக்குத் தெரியும். மெர்ச்சண்டைசராக, அதாவது ஒரு ஆர்டரைத் துணியிலிருந்து கப்பல் ஏறும் வரை பார்த்துக்கொள்பவனாக, சில வருடம் இருந்தேன்.

முதலில் நல்லது. பெரிய கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் என்றால் பாதி நாள் மெயிலிலேயே போய்விடும். இங்கே நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று ஒவ்வொரு யூனிட்டுக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு நீயே போய் நிற்க வேண்டும். துணி வந்ததும் லைட் பாக்ஸில் (பல வகை விளக்குள்ள பெட்டி) வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அங்கிருந்த ஃபேப்ரிக் இன்சார்ஜ் அண்ணன்தான். டி65 வெளிச்சத்தில், அதாவது பகல் வெளிச்சத்தில், பையர் (சரக்கு வாங்குபவர்) ஒப்புக்கொண்ட லேப் டிப்போடு, அதாவது சாயம் போட்டுக் காட்டிய மாதிரித் துணியோடு, அப்படியே ஒத்துப்போகும் நேவி ப்ளூ துணி, கடை விளக்கான டிஎல்84-ஐப் போட்டதும் லேசாகச் சிவப்படிக்கும். இதைக் கண்ணால் பிடிக்கப் பழகிவிட்டால் எந்தக் கம்பெனியிலும் பிழைத்துக்கொள்வாய்.

சம்பளமும் ஏழாம் தேதி டாண் என்று ஏறிவிடும். கேன்டீன் டீ பற்றிப் பேச வேண்டாம்.

இனி மற்றது. டையிங்கில் தாமதமாகி, தூத்துக்குடியில் கப்பலை விட்டுவிட்டால் சரக்கு விமானத்தில் போகும். அந்தச் செலவில் லாபம் காலி. யார் தாமதித்திருந்தாலும் மாட்டுவது மெர்ச்சண்டைசர்தான். என் இன்சென்டிவ் அப்படித்தான் போனது. முதலாளி நல்ல மனிதர், வீட்டு விசேஷத்துக்கு வந்து நிற்பார். ஆனால் நீ தினமும் விழிக்கப்போவது ஃபாக்டரி மேனேஜர் முகத்தில்.

ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காதே. நான் இருந்தபோது பேசிக்கை (அடிப்படைச் சம்பளம்) குறைத்து, மீதியை அலவன்ஸ் என்று பிரித்துவிட்டார்கள். பி.எஃப். 12 சதவீதம் அந்தச் சின்ன பேசிக்குக்குத்தான். கம்பெனி போட வேண்டிய பங்கையும் சி.டி.சி.க்குள்ளேயே, அதாவது ஆஃபர் லெட்டரில் காட்டும் அந்த மொத்தத் தொகைக்குள்ளேயே, சேர்த்திருந்தார்கள். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அங்கே மாதக்கணக்கில் இழுத்தார்கள். சேர்ந்தால் அரசின் உமாங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பார்த்துக்கொள்.

ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்பார்கள். காட்டு, ஜெராக்ஸ் கொடு, ஒரிஜினலைக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடு. என்னோடு இருந்த ஒருவர் வேலையை விட்ட பிறகு டிகிரி சர்டிபிகேட்டுக்காக அலையாய் அலைந்தார். ரிலீவிங் லெட்டருக்கும் அதே கதைதான்.

கல்யாணம் ஆகாதவன், வீடும் பக்கத்தில் என்றால் இரண்டு வருடம் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு வா. கைக்குழந்தை இருக்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன். எதற்கும் இன்டர்வியூவை மாலை ஆறரைக்கு மேல் கேட்டு வாங்கு. போகும்போது மெர்ச்சண்டைசிங் ஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எத்தனை பேர் இன்னும் சீட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்.